புள்ளிராஜாவும் எங்க மாமாவும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க முடியலை. வழக்கம்போல ஒரு மொக்கை போட்டுட்டுப் போயிடலாம்னுதான் உட்கார்ந்தேன், ஆனா கை வேற எங்கேயோ போகுது. கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

டிஸ்கி: இதுல வர்ற ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஊர், அடையாளம் எல்லாம் கொஞ்சம் மாத்தியாச்சு. யாருன்னு துருவாதீங்க ப்ளீஸ்.

எங்க கம்பெனியில வருஷா வருஷம் டிசம்பர் 1 அன்னைக்கு எல்லார் சட்டையிலும் சிவப்பு ரிப்பன் குத்தி விடுவாங்க. போன தடவை அந்த வேலை எங்க டீம் தலையில விழுந்துச்சு. காலையில எட்டரை மணிக்கே லிஃப்ட் வாசல்ல டப்பாவோட நின்னு, ஐடி கார்டு தட்டிட்டு உள்ள வர்ற ஒருத்தர் விடாம குத்தினோம். மதியத்துக்குள்ள டப்பா காலி. போட்டோ எடுத்து எல்லாருக்கும் மெயில் போட்டாங்க. எத்தனை பேரைச் 'சென்றடைந்தோம்'னு அதுல ஒரு நம்பர் வேற.

அன்னைக்கு சாயங்காலம் ஊர்ல இருந்து அத்தை போன். "கண்ணு, வர்ற திங்கக்கெழம மாத்தர வாங்கப் போகோணும். உனக்கு லீவு கெடைக்குமா?"

சட்டையில ரிப்பன் இன்னும் தொங்கிட்டு இருந்துச்சு. கழட்டி பாக்கெட்ல போட்டுட்டு, வர்றேன் அத்தைன்னு சொன்னேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம். எங்களுக்கு நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். லாரிக்கும் முட்டைக்கும் பேர் போன ஊர்ங்கிறது உங்களுக்கே தெரியும். எங்க தாய்மாமா லாரி டிரைவர், நாக்பூர் லைன். போனா இருபது நாள், சில சமயம் ஒரு மாசம் ஆகும். திரும்பி வரும்போது கூடை நிறைய ஆரஞ்சு வரும். எனக்கு மாமான்னா ஆரஞ்சு வாசனைதான். கேபின்ல ஏத்தி உட்காரவச்சு ஹாரன் அடிக்க விடுவார். ஊருக்குள்ள என் வயசுப் பசங்கள்ல அந்த பாக்கியம் எனக்கு மட்டும்தான்.

2000களின் தொடக்கத்துல தமிழ்நாடு பூரா ஒரு விளம்பரம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமான்னு. சுவர்ல, பஸ்ல, டிவியில எங்க பார்த்தாலும் அதுதான். ஒண்ணாங்கிளாஸ்ல எங்க கூடப் படிச்ச ராஜாங்கிற பையன் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. நான் பஸ் ஸ்டாண்டுல அந்த போர்டை எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "அம்மா, புள்ளிராஜான்னா யாரும்மா?"ன்னு சத்தமா கேட்டேன். தொடையில ஒரு கிள்ளு விழுந்துச்சு. ஏன் கிள்ளினாங்கன்னு புரிய எனக்குப் பத்து வருஷம் ஆச்சு. அப்ப மாமா வீட்டுல படுத்த படுக்கையா இருந்தார்.

டிபின்னுதான் எங்ககிட்ட சொன்னாங்க. டிபியும் இருந்துச்சு, அது பொய் இல்லை. அதுக்கு முன்னாடி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில காய்ச்சல்னு சேர்த்தப்போ, அவரைக் கேட்காமலே ரத்தத்தை டெஸ்ட் பண்ணி, கேஸ் ஷீட் மேல சிவப்பு மையில பெருசா எழுதி, அன்னைக்கு ராத்திரியே கிளம்பச் சொல்லிட்டாங்களாம். இன்னைக்கு அப்படிச் செய்ய சட்டப்படி தடை இருக்கு. எச்ஐவி சட்டம் 2017-ல நிறைவேறி, 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்துடுச்சு. அப்போ கேட்க நாதி கிடையாது. கடைசியில தாம்பரம் சானடோரியத்துல சேர்த்தாங்க. தென்னிந்தியாவுல எங்கெங்க இருந்தோ துரத்தி விட்டவங்க எல்லாம் வந்து சேர்ற இடம் அது. மாமா 2003 கடைசியில போயிட்டார். முப்பத்திமூணு வயசு.

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமா குடுக்க ஆரம்பிச்சுது. முதல்ல ஆரம்பிச்ச எட்டு ஆஸ்பத்திரிகள்ல தாம்பரமும் ஒண்ணு. அவர் படுத்திருந்த அதே இடம். நாலே மாசம். காசு குடுத்து வாங்கணும்னா அப்ப மாமாவோட சம்பளத்துல பாதிக்கு மேல அதுக்கே போயிருக்கும். இந்த நாலு மாசக் கணக்கைப் பத்தி எங்க வீட்டுல யாரும் பேசுறதில்லை. நானும் பேசினதில்லை, இப்பதான் எழுதுறேன்.

அத்தைக்கும் இருந்துச்சு. அவங்க பையன், என் மச்சான், அப்ப மூணு வயசு. அவனுக்கு இல்லை. தெய்வாதீனம்னு அம்முச்சி சொல்லும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். அத்தையைக் காப்பாத்தியிருக்கணும்னா என்ன பண்ணியிருக்கணும்? இந்தக் கேள்வி ரொம்ப நாளா எனக்குள்ள ஓடிட்டு இருக்கு. ரேடியோவுல விளம்பரம் போட்டிருக்கலாமா? அத்தை ரேடியோ கேட்பாங்க. ஊர்ல வில்லுப்பாட்டு, நாடகம்? அதையும் போய்ப் பார்த்திருப்பாங்க. பார்த்துட்டு என்ன செஞ்சிருக்க முடியும்? அவங்க வாழ்க்கையில ஒரே ஒரு ஆம்பளை, அதுவும் தாலி கட்டின புருஷன். அவங்ககிட்ட போய் 'கவனமா இருங்க'ன்னு சொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்லை. அத்தையைக் காப்பாத்துற வேலை எங்க ஊர்ல நடந்திருக்கவே முடியாது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஏதோ ஒரு தாபா பின்னாடி, அத்தை பார்த்தே இருக்காத ஒரு பொம்பளைக்கிட்டயும் எங்க மாமாகிட்டயும் நடந்திருக்கணும். அந்தப் பொம்பளைக்கு யாராவது காண்டம் குடுத்து, இல்லைன்னா முடியாதுன்னு சொல்ற தெம்பையும் குடுத்திருந்தா, அவங்களும் பிழைச்சிருப்பாங்க, மாமாவும், அத்தையும்.

பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்றேன். புரொடக்‌ஷன்ல சர்வர் திணறுதுன்னு வைங்க. புதுசா சேர்ந்த பையன் எல்லா ஃபங்ஷனையும் உட்கார்ந்து திருத்தி எழுதுவான். அனுபவசாலி புரொஃபைலரை ஓடவிட்டுப் பார்ப்பான். மொத்த நேரத்தையும் நாலே நாலு ஃபங்ஷன் தின்னுட்டு இருக்கும். அதைச் சரி பண்ணினா மத்ததெல்லாம் தானா மூச்சு விடும். தொத்து நோயும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒருத்தர்கிட்ட இருந்து சராசரியா ஒருத்தருக்கு மேல பரவினா நோய் வளரும், ஒருத்தருக்குக் கீழ வந்துட்டா தேயும். இந்தியா மாதிரி இடத்துல அந்தச் சராசரியை மேல இழுக்கிறது சில இடங்கள்தான். அங்க தடுக்கிற ஒரு தொற்று, அதுக்குப் பின்னாடி வரிசையா வரவேண்டிய பத்தையும் தடுக்குது. அந்தப் பத்துல ஒண்ணு அத்தை.

2021-ல எடுத்த தேசிய கண்காணிப்பு சர்வேயில கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வர்ற பெண்கள்ல எச்ஐவி 0.22 சதவீதம். பாலியல் தொழில்ல இருக்கிற பெண்கள்ல 1.85, ஆண்களோட உறவு வச்சுக்கிற ஆண்கள்ல 3.26, திருநங்கைகள்ல 3.78, ஊசி வழியா போதை எடுக்கிறவங்கள்ல 9.03. நாப்பது மடங்கு வித்தியாசம்! இப்படி ஒரு புரொஃபைலர் ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு லிஃப்ட் வாசல்ல ரிப்பன் குத்துறதை என்னன்னு சொல்ல?

(ரிப்பன் குத்துறவங்க அடிக்க வராதீங்க. நானும்தான் குத்தினேன்.)

நம்பரை நம்புறதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. 2006 வரைக்கும் இந்தியாவுல 50 லட்சம் பேருக்கு மேல எச்ஐவி இருக்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க. 2007-ல திடீர்னு 25 லட்சம்னு திருத்தினாங்க. அரசாங்கம் மறைக்குதுன்னு கூட சிலர் சந்தேகப்பட்டாங்க. விஷயம் வேற. முன்னாடி கணக்கு பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களை வச்சுப் போட்டது. தனியார் ஆஸ்பத்திரிகள் எச்ஐவி கேஸை எல்லாம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டா (எங்க மாமாவைத் தள்ளின மாதிரியே) அங்க சதவீதம் ஊதிப் பெருசாத் தெரியும்தானே? குண்டூர் மாவட்டத்துல வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தப்போ, பழைய முறையில வந்த கணக்குல பாதி கூட இல்லை. அப்புறம் தேசிய குடும்பநல சர்வேயிலயும் ஒரு லட்சம் பேருக்கு மேல டெஸ்ட் பண்ணினாங்க, கணக்கு இறங்கிடுச்சு. சாம்பிளிங் சரியில்லைன்னா என்ன ஆகும்னு காலேஜ்ல நடத்தினப்போ தூங்கினவன் நான். இதைப் படிச்சுத்தான் புரிஞ்சுது.

சரி, யார்கிட்ட போகணும்னு கண்டுபிடிச்சாச்சு. எப்படிப் போறது? நம்ம சிங்காரச் சென்னை இதுல சறுக்கின கதை இருக்கு.

இந்தியாவுல எச்ஐவியை முதன்முதல்ல கண்டுபிடிச்சதே சென்னையிலதான், 1986-ல. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பேராசிரியை சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாகிட்ட இதை ஆராய்ச்சியா எடுத்துக்கச் சொன்னார். எச்ஐவி எல்லாம் வெளிநாட்டு வியாதி, நம்ம பண்பாட்டுக்கு வராதுன்னு எல்லாரும் மார்தட்டிட்டு இருந்த நேரம். பம்பாய் மாதிரி தனித் தெரு சென்னையில கிடையாதுன்னு, பிடிபட்ட பெண்களை அடைச்சு வைக்கிற காப்பகத்துக்குப் போய் ரத்தம் எடுத்தார் நிர்மலா. வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுவாராம். எடுத்த ரத்தத்தை வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சிருந்து, ரயில்ல வேலூர் சிஎம்சிக்குக் கொண்டு போயிருக்காங்க. அதுல ஆறு சாம்பிள் பாசிட்டிவ். நாடே ஆடிப்போச்சு.

ஒரு வகையில அது சரியான இடத்துல சரியான நேரத்துல தேடினது. அதனாலதான் தமிழ்நாடு சீக்கிரமா முழிச்சுக்கிச்சு, சுனிதி சாலமனும் 2015-ல காலமாகுற வரைக்கும் இந்த வேலையிலயே இருந்தார். ஆனா அந்தப் பெண்களுக்கு என்ன நடந்துச்சு? பாசிட்டிவ்னு வந்தவங்களை, தண்டனைக்காலம் முடிஞ்ச பிறகும் வெளிய விடாம அடைச்சே வச்சாங்க. வெளிய விட்டா ஊருக்குப் பரப்பிடுவாங்களாம். ஷியாமளா நடராஜ்ங்கிற பத்திரிகையாளர் வழக்குப் போட்டு, 1990-ல சென்னை உயர்நீதிமன்றம் விடச் சொன்ன பிறகுதான் கதவு திறந்துச்சு. குறி வைக்கிறதுன்னா நம்மாளுங்களுக்கு உடனே வேட்டைதான் ஞாபகத்துக்கு வரும் போல. ஒரு காப்பகத்துல இப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா, அடுத்த தெருவுல இருக்கிற பொண்ணு டெஸ்டுக்கு வருவாளா? வரமாட்டா. வேற ஊருக்குப் பஸ் ஏறிடுவா.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு கல்கத்தாவுல நடந்துச்சு. 1992-ல டாக்டர் ஸ்மரஜித் ஜனா சோனாகாச்சிக்கு சர்வே எடுக்கப் போனார். போனவர் அங்க இருக்கிற பெண்களையே வேலைக்கு எடுத்தார். பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு அவங்களே வீடு வீடாப் போய்ப் பேசினாங்க. பேசினப்போ தெரிஞ்சுது, அவங்க கவலை லிஸ்ட்ல எச்ஐவி ரொம்பக் கீழ இருக்குன்னு. மேல இருந்தது போலீஸ், ரவுடி, கந்துவட்டி, பிள்ளைங்க படிப்பு. ஒரு பொண்ணு காண்டம் இல்லாம முடியாதுன்னு சொன்னா, கஸ்டமர் பக்கத்து வீட்டுக்குப் போயிடுவான். எல்லாரும் சேர்ந்து சொன்னாத்தான் வேலைக்காகும். அதனால சங்கம் ஆரம்பிச்சாங்க, அவங்களுக்குன்னு கூட்டுறவு பேங்க் கூட வந்துச்சு. பம்பாய்ல இந்தத் தொழில்ல இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல தொற்றுன்னு ஆன தொண்ணூறுகள்ல, சோனாகாச்சியில அது பத்து சதவீதம் பக்கத்துலயே நின்னுச்சு. ஜனாவை 2021-ல கொரோனா கொண்டு போயிடுச்சு.

அதே பாணியை 2003-க்கு அப்புறம் பெரிய அளவுல செஞ்சாங்க. கேட்ஸ் அறக்கட்டளை பணத்துல 'ஆவஹன்'னு ஆறு மாநிலத்துல ஆரம்பிச்சாங்க, தமிழ்நாடும் அதுல உண்டு. நெடுஞ்சாலையில லாரி நிக்கிற இடங்கள்ல 'குஷி'ன்னு கிளினிக். டிரைவர் ஆஸ்பத்திரியைத் தேடிப் போக வேணாம், லோடு இறக்கக் காத்துட்டு இருக்கிற நேரத்துல போயிட்டு வந்துடலாம். தலைமை தாங்கினவர் அசோக் அலெக்சாண்டர், மெக்கின்ஸியில இருந்து வந்தவர். கார்ப்பரேட் ஆசாமிதானேன்னு நினைச்சேன். ஆனா அவங்களும் கடைசியில கத்துக்கிட்டது, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பொண்ணை யாராவது அடிச்சா ஓடி வர ஆள் இருந்தாத்தான் மறுநாள் அவ கிளினிக்குக்கு வருவாங்கிறதை. 2011-ல லான்செட்ல வந்த கட்டுரை, முதல் அஞ்சு வருஷத்துல அந்தத் திட்டம் சுமார் ஒரு லட்சம் தொற்றுகளைத் தடுத்திருக்கும்னு கணக்குப் போட்டுச்சு. மாடல் போட்ட கணக்கு, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஆனா அந்த ஒரு லட்சத்துல பேர் தெரியாத அத்தைங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு யோசிக்கிறேன். தங்களைத் தாண்டி ஒண்ணு போச்சுன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது.

2007-ல ஆரம்பிச்ச தேசியத் திட்டத்தோட மூணாவது கட்டத்துல இருந்து அரசாங்கமும் இதையே முக்கிய வேலையா எடுத்துக்கிச்சு. இப்ப நாடு முழுக்க 25 லட்சத்துச் சொச்சம் பேர், பெரியவங்கள்ல 0.2 சதவீதம். 2010-ஐ விட 2023-ல புதுத் தொற்று 44 சதவீதம் குறைஞ்சிருந்துச்சுன்னு அரசாங்கக் கணக்கு. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்லை. மிசோரம்ல இன்னும் 2.7 சதவீதம், அங்க ஊசியும் பெரிய பிரச்சனை. சுத்தமான ஊசி குடுக்கணும், போதையை விட மாத்து மருந்து குடுக்கணும்னா, கெட்ட பழக்கத்துக்கு அரசாங்கமே துணை போகுதான்னு ஒரு கூட்டம் கிளம்பும்.

இதே கேள்வியை எங்க சொந்தக்காரர் ஒருத்தர் என்கிட்ட கேட்டார். "அவனுங்க ஆட்டம் போடுறதுக்கு நம்ம வரிப்பணமாப்பா?" கல்யாணப் பந்தியில, பாயசம் குடிச்சுக்கிட்டே. எதிர்வரிசையில அத்தை உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அத்தைக்கு இருக்குன்னு அவருக்குத் தெரியாது. உங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கும் சேர்த்துத்தான் மாமா அந்தப் பணம்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. அப்புறம் யோசிச்சா, அந்தப் பதிலும் சரியில்லைன்னு தோணுது. குடும்பப் பொண்ணுங்களைக் காப்பாத்தத்தான் மத்தவங்களுக்கு வைத்தியம்னா, அந்தத் தாபா பின்னாடி நின்ன பொம்பளை என்ன, வெறும் வழியா? அவளும் சாகக்கூடாதுதானே. மாமாவுக்குக் குடுத்தது அவன்னு எங்க வீட்டுல திட்டுவாங்க. அவளுக்குக் குடுத்தது எந்த டிரைவரோ, யாருக்குத் தெரியும்?

நான் ஏதோ எல்லாம் தெரிஞ்ச யோக்கியன் மாதிரி எழுதிட்டு இருக்கேன். அதனால இதையும் சொல்லிடுறேன்.

2023-ல சென்னையில என் கூட ரூம்ல இருந்த நண்பன், காலேஜ்ல இருந்தே பழக்கம், ஒரு நாள் ராத்திரி மொட்டை மாடியில வச்சு, தனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும்னு சொன்னான். அது எனக்கு ஓரளவு தெரியும். அடுத்து, டெஸ்ட் எடுக்கணும், பயமா இருக்கு, கூட வர்றியான்னு கேட்டான். அரசு ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையம் இருக்கு, இலவசம், போலாம்னேன். வரமாட்டேன்னுட்டான். "அங்க கவுன்சிலர் 'கல்யாணம் ஆயிடுச்சா தம்பி'ன்னு கேட்பார்டா. அதுக்கப்புறம் என்னத்தைச் சொல்றது?" ரெண்டு வாரம் தள்ளிப் போட்டான். அப்புறம் அவங்க ஆளுங்களே நடத்துற ஒரு சின்ன மையத்தைக் கண்டுபிடிச்சு, என் பைக்ல போனோம். மாடியில ரெண்டு ரூம், கேரம் போர்டு, டீ. ஒரு திருநங்கை அக்காதான் டெஸ்ட் பண்ண கூட்டிட்டுப் போனாங்க. இவன் கேட்க பயந்ததை எல்லாம் அவங்களே சாதாரணமா, சாப்பாட்டைப் பத்திப் பேசுற மாதிரி கேட்டாங்க. இவன் பதில் சொன்னான். நான் பக்கத்துல இல்லாம கேரம் போர்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பாசிட்டிவ்.

அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து, பாத்ரூம்ல பல் விளக்கப் போனேன். ஒரே டம்ளர்ல ரெண்டு பிரஷ், பக்கத்துல ரேசர். என் பிரஷை எடுத்துத் தனியா வச்சேன். ஒரு நிமிஷம்தான். அத்தை கையால சோறு தின்னு வளர்ந்தவன், எச்சில்ல பரவாதுன்னு பத்து வயசுல இருந்து தெரிஞ்சவன், நான் அதைச் செஞ்சேன். திரும்ப டம்ளர்ல போட்டுட்டு வெளிய வந்தா அவன் வாசல்ல நின்னுட்டு இருந்தான். பார்த்தானா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்கலை. இந்தப் பதிவைப் படிக்கும்போது தெரிஞ்சுக்குவான். ஸாரிடா.

அதே வாரத்துல மருந்து ஆரம்பிச்சுட்டாங்க. 2017-ல இருந்து, பாசிட்டிவ்னா உடனே மருந்துங்கிறதுதான் கொள்கை. அதுக்கு முன்னாடி சிடி4 எண்ணிக்கை குறையுற வரைக்கும் காத்திருக்க வைப்பாங்க. இப்ப தினம் ஒரே மாத்திரை. ஆறு மாசத்துல அவனுக்கு வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிடுச்சு. அந்த நிலையில இருக்கிறவங்ககிட்ட இருந்து உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது. இதை அடிச்சுச் சொல்ல வச்ச ஆராய்ச்சிகள்ல முக்கியமான ஒண்ணு 2011-ல வந்துச்சு. ஒருத்தருக்கு எச்ஐவி இருந்து இன்னொருத்தருக்கு இல்லாத 1763 ஜோடிகள், ஒன்பது நாடுகள். சீக்கிரமா மருந்து ஆரம்பிச்சவங்ககிட்ட இருந்து துணைக்குப் பரவுறது 96 சதவீதம் குறைஞ்சுது. அந்த ஒன்பது நாட்டுல இந்தியாவும் உண்டு, சென்னையில இருந்தும் ஜோடிகள் கலந்துக்கிட்டாங்க. ஆக வைத்தியமே தடுப்பும் ஆயிடுச்சு. யாருக்கு முதல்ல மருந்து போய்ச் சேரணுமோ அவங்க மாடி ஏறி வரணும், அவ்வளவுதான். அந்த மாடியில கேரம் போர்டு இருக்கிறது எவ்வளவு முக்கியம்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமா வழி விட்டிருக்கு. 2018 செப்டம்பர்ல உச்சநீதிமன்றம் 377-ஐ வெட்டிவிடலைன்னா, இவன் அன்னைக்கு அந்த மாடி ஏறியிருப்பானாங்கிறது சந்தேகம்தான். 2022 மே மாசம் அதே கோர்ட், காண்டம் வச்சிருக்கிறதை பாலியல் தொழிலாளிகளுக்கு எதிரான ஆதாரமா போலீஸ் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. ஒரு டிபார்ட்மென்ட் காண்டத்தைக் குடுக்கும், இன்னொரு டிபார்ட்மென்ட் அதையே சாட்சியா வச்சுப் பிடிக்கும். நம்ம புராஜெக்ட்ல ரெண்டு டீம் ஒருத்தர் கோடை ஒருத்தர் ஓவர்ரைட் பண்ணிக்கிற மாதிரி. கீழ ஸ்டேஷன் வரைக்கும் அந்த உத்தரவு இறங்கியிருக்கான்னு அங்க வேலை பாக்கிறவங்கதான் சொல்லணும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வர்றேன். அத்தையை டூவீலர்ல உட்கார வச்சு நாமக்கல் கூட்டிட்டுப் போனேன். அத்தை இருபது வருஷமா வர்ற இடம், எல்லாரையும் தெரியும். வரிசையில முன்னாடி நிக்கிற திருநங்கைகிட்ட ஊர் நியாயம் பேசினாங்க. மூலையில ஒரு பையன், இருபத்திரெண்டு இருபத்திமூணு இருக்கும், கர்ச்சீப்பால மூஞ்சை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அத்தை நேரா அவன்கிட்ட போய், "எந்த ஊரு சாமி? லாரியா?"ன்னாங்க.

"இல்லீங், ரிக் வண்டி."

போர்வெல் போடுற வண்டிங்க. திருச்செங்கோட்டுல இருந்து கிளம்பி, மாசக்கணக்குல ஊர் ஊரா நாடு பூரா போகும். "ராத்திரி சாப்புட்டு மாத்தரையப் போட்டுட்டுப் படுத்துக்கோணும் கண்ணு. மொதல்ல கொஞ்ச நாளைக்குக் கனவு கண்டபடி வரும், பயந்துக்காத"ன்னு அத்தை சொன்னாங்க. அவன் கர்ச்சீப்பை இறக்கினான்.

மாத்திரை வாங்கினதும் அத்தை வழக்கமா ஒரு வேலை செய்வாங்க. டப்பா மேல இருக்கிற லேபிளைச் சுரண்டிக் கிழிச்சு, ஆஸ்பத்திரி குப்பைத் தொட்டியிலயே போட்டுட்டு வருவாங்க. வீட்டுல கேட்டா சத்து மாத்திரை. போன வருஷம் மச்சானுக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து இது இன்னும் ஜாஸ்தி. மருமகளுக்குத் தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு ராத்திரி அரிசிப் பானைக்குள்ள இருந்து எடுத்துப் போட்டுக்குவாங்க. அன்னைக்குக் கிழிக்கலை. அப்படியே பைக்குள்ள போட்டாங்க.

"என்ன அத்தை?"ன்னேன்.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு கண்ணு. எப்பவோ ஒரு லேபிளு முந்தானையில ஒட்டிக்கிட்டு வந்துருக்குது, தொவைக்கறப்ப பாத்துட்டு போன்ல தேடியிருக்கறா. நாலு மாசமா வாயத் தொறக்கல. போன வாரம் நான் கோயில் விசேசத்துல மாத்தரைய மறந்துட்டேன், ராத்திரி ஒம்பது மணிக்குத் தண்ணியும் டப்பாவும் கொண்டாந்து பக்கத்துல வெச்சுட்டு, 'அத்தை, மாத்தர'ன்னா."

"அப்புறம்?"

"அப்பறம் என்ன, போட்டுக்கிட்டேன். வண்டிய எடு, வெயிலேறுது."